தோல் தையலுக்கு முதல் செட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை ஊரிலேயே முடிக்கலாம்

கையால் தோல் தைக்க ஆசைப்படுகிறவர் முதலில் போய் விழுவது ஆன்லைனில் விற்கும் 'ஸ்டார்ட்டர் கிட்'டில். முப்பது நாற்பது சாமான் ஒரே பையில் வரும், விலையும் சல்லிசு. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பூ அச்சுகள், சுழல் கத்தி, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட பள்ளம் வெட்டி. இவையெல்லாம் பெரும்பாலும் தோலில் பூவேலை செய்கிறவருக்கு. பர்ஸும் பெல்ட்டும் தைக்க வந்தவருக்கு அதில் உதவுவது ஐந்தாறு. அந்த ஐந்தாறும்தான் பையிலேயே மட்டமாக இருக்கும். தையல் துளை போடும் சிசலின் பல் சொரசொரவென்று கிடக்கும். ஊசியின் காது நூலை அறுக்கும். மெழுகு என்று இருப்பதைத் தேய்த்தால் நூலில் ஒட்டாமல் தூளாக உதிரும்.

காசை எங்கே போடுவது என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். தோலுக்குள் இறங்குவது எதுவோ அதற்குத் தாராளமாகக் கொடுங்கள். தோலைப் பிடிப்பது, தாங்குவது, தட்டுவது எல்லாவற்றையும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலேயே ஆசாரியிடமும் ஹார்டுவேர் கடையிலும் முடித்துக்கொள்ளலாம். உள்ளே இறங்குவது நான்கு: சிசல், ஊசி, நூல், கத்தி. மூவாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் இந்த நான்குக்கே போகட்டும். ஐந்நூறு தோலுக்கு. மிச்சத்தில் மற்றதெல்லாம் அடங்கும், அடங்க வைக்க வேண்டும்.

நான்கிலும் அதிகம் யோசித்து வாங்க வேண்டியது சிசல். முள்கரண்டி மாதிரி வரிசையாகப் பல் வைத்த இரும்பு அது. தோலின் மேல் வைத்துத் தட்டினால் தையல் துளைகள் சம இடைவெளியில் விழும். பல் இடைவெளி 3, 4, 5, 6 மி.மீ. என்று கிடைக்கும். தொடங்குகிறவருக்கு 4 மி.மீ. போதும். பர்ஸுக்கு அது கொஞ்சம் பெரிது, பெல்ட்டுக்குக் கொஞ்சம் சிறிது, ஆனால் இரண்டிலும் உறுத்தாது. நைசாக இருக்கும் என்று 3 மி.மீ.யில் தொடங்கினால் துளைகள் நெருங்கி விழும். ஒரு தையல் பிசகினாலும் அப்பட்டமாகத் தெரியும். நார் தளர்ந்த மலிவுத் தோலாக இருந்தால், நூலை இழுக்கும்போது இரண்டு துளைக்கும் நடுவே கிழிந்தே போகும்.

விற்பவர் '4 மி.மீ.' என்று சொன்னால் எதிலிருந்து எதுவரை என்று கேட்க வேண்டும். ஒரு பல்லின் முனையிலிருந்து அடுத்த பல்லின் முனைவரை அளப்பதுதான் சரியான கணக்கு. சிலர் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள காலி இடத்தை அளந்து அதே எண்ணைப் போடுகிறார்கள். 4 பல் சிசலில் முதல் முனைக்கும் கடைசி முனைக்கும் இடையே 12 மி.மீ. இருக்க வேண்டும், 6 பல் என்றால் 20 மி.மீ. கையில் கிடைத்ததும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பாருங்கள்.

இரண்டு சிசல் போதும். நேர்க்கோட்டுக்கு 4 பல், வளைவுக்கும் மூலைக்கும் 2 பல். இரண்டையும் ஒரே கம்பெனியில் ஒரே செட்டாக வாங்க வேண்டும். இரண்டு கம்பெனியின் '4 மி.மீ.' ஒன்றாக இருப்பதில்லை, நேர்க்கோட்டிலிருந்து வளைவுக்குத் திரும்பும் இடத்தில் தையல் நீளம் மாறுவது தெரியும். 10 பல் சிசல் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று தோன்றலாம். அதை 3 மி.மீ. கனத்தில் இறக்கப் பலமான அடி வேண்டும். அடி பலமானால் சிசல் சாயும், சாய்ந்தால் பின்பக்கத்துத் துளைகள் கோட்டை விட்டு விலகும். பல்லின் வடிவம் சாய்ந்த டைமண்டாக இருக்கட்டும். வட்டத் துளை போடும் சிசலில் தையல் சாயாமல் விழும், நூலைச் சுற்றித் துளையும் மூடாது. அது தோல் வாரைக் கோத்துக் கட்டும் வேலைக்கு உரியது.

சிசலைச் சோதிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். தாளின் கீழே பழைய காலண்டர் அட்டையை வைத்து, சிசலை லேசாக அழுத்திக் குறி விழச் செய்யுங்கள். பிறகு சிசலை அரைச் சுற்றுத் திருப்பி, அதே குறிகளில் மறுபடி வைத்து அழுத்துங்கள். பல் இடைவெளி சீராக இருந்தால் குறி மேல் குறி அச்சாக விழும். ஒரு பல் அரை மி.மீ. விலகியிருந்தாலும் அந்த இடத்தில் குறி இரட்டையாகத் தெரியும். அடுத்து, பல் முனைகளை ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தில் ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரு பல் முன்னே பின்னே இருந்தால் இடுக்கில் வெளிச்சம் கசியும். இந்த இரண்டிலும் தேறாத சிசலைத் திருப்பி அனுப்புவதுதான் வழி, அரத்தால் ராவிச் சரிசெய்யவே முடியாது.

சொரசொரப்பு மட்டும் குறை என்றால் அதை வீட்டில் தீர்க்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 600, 1000, 1500 மூன்றிலும் ஒவ்வொரு தாள். தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஸ்கேலில் சுற்றிக்கொண்டு, பல்லின் வெளிப்பக்கங்களை அடியிலிருந்து முனை நோக்கி நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் தோலைப் பிடித்துக்கொள்ளும். பல்லுக்கு இடையே தாள் நுழையாது. அங்கே பருத்திக் கயிற்றில் பித்தளை பாலிஷ் தடவி இழுங்கள். முனையைத் தொட வேண்டாம், அது மழுங்கினால் துளைக்காது, பிதுக்கும். நன்றாகத் தேய்த்த சிசலைத் தட்டிவிட்டு நேராகத் தூக்கினால் வெளியே வந்துவிடும். தேய்க்காததை ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த ஆட்டலில்தான் துளை பெருக்கிறது, சில நேரம் பல்லும் ஒடிகிறது. அப்படியும் பிடித்தால், ஒவ்வொரு தட்டுக்கு முன்பும் முனைகளைத் தேன்மெழுகில் ஒரு குத்துக் குத்தி எடுங்கள். தூக்கும்போது தோலை ஸ்கேலால் அழுத்திக்கொள்ளுங்கள்.

ஊசி சின்ன விஷயம்தான், ஆனால் தப்பாக வாங்கினால் வேலையே ஓடாது. தோல் தையலுக்கு முனை மழுங்கிய ஊசிதான் வேண்டும். துளையை சிசல் போட்டுவிட்டது, ஊசி நூலைக் கொண்டுபோனால் போதும். கூர்மையான ஊசி துளைக்குள் புதுவழி தேடும், அல்லது ஏற்கெனவே போன நூலையே குத்தும். ஜான் ஜேம்ஸ் சேணத் தையல் ஊசியில் 4ஆம் எண், 0.6 முதல் 0.8 மி.மீ. நூலுக்குப் பொருந்தும். ஒரு பாக்கெட் வாங்கினால் வெகுகாலம் வரும். அது கிடைக்காவிட்டால் ஃபேன்ஸி ஸ்டோரில் எம்ப்ராய்டரிக்கு விற்கும் மழுங்கல் முனை ஊசியில் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். சாதாரணத் தையல் ஊசியின் முனையைச் சாணைக்கல்லில் தேய்த்து உருட்டியும் பயன்படுத்தலாம். கோணி ஊசி வேண்டாம், அதன் தடிமனுக்குத் துளை கிழியும்.

நூலில் பாலியெஸ்டர் மெழுகு நூல் போதும். உருண்டையாகப் பின்னிய ரகம், 4 மி.மீ. இடைவெளிக்கு 0.6 அல்லது 0.8 மி.மீ. தடிமன். 3 மி.மீ. சிசலுக்கு 0.6க்கு மேல் போகக்கூடாது, 5 மி.மீ.க்கு 0.8 முதல் 1 வரை. ரிட்ஸா டைகர் நூல் கொஞ்சம் சப்பையாகப் பின்னியதுதான் என்றாலும் நல்லது. விலை அதிகம் என்றாலும் பலர் சின்னச் சுருளில் பிரித்து விற்கிறார்கள், ஒரே நிறத்தில் 25 மீட்டர் எடுத்தால் பத்துப் பன்னிரண்டு பர்ஸ் தைக்கலாம். கிட்டில் வரும் மலிவுச் சப்பை நூல் தைக்கும்போது முறுக்கிக்கொள்ளும். ஒரு தையல் பட்டையாகவும் அடுத்தது கம்பியாகவும் தெரிவது அதனால்தான். செருப்புச் சாமான் விற்கும் கடை நைலான் நூல் பலமானது, ஆனால் இழுத்தால் நீளும், பிறகு தளரும். பழக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். மெழுகு குறைந்த நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்தால் சரியாகிவிடும். சித்திரை வைகாசி வெயிலில் மெழுகு இளகி நூல் கையில் பிசுபிசுக்கும், வெளிர்நிறத் தோலில் அழுக்கு ஏறும். அந்த மாதங்களில் காலையிலேயே தைப்பது உத்தமம்.

கத்திக்கு ஸ்டேஷனரி கடை கட்டரே போதும், ஆனால் பிளேடு நல்லதாக இருக்க வேண்டும். 1.5 மி.மீ. தோல்வரை 9 மி.மீ. பிளேடு. பெல்ட் தோலுக்கு 18 மி.மீ. அகலம், இல்லையென்றால் பிளேடு வளைந்து வெட்டு உள்வாங்கும். மேலே நேராகவும் கீழே கோணலாகவும் விளிம்பு வருவது இதனால்தான். ஒல்ஃபா, என்.டி. கம்பெனிகளின் கறுப்பு பிளேடு சாதாரண பிளேடைவிட விலை கூட, கூர்மையும் அப்படியே. ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் மூன்று இழுப்பில் வெட்டுங்கள். முதல் இழுப்பு கோடு போட, மற்ற இரண்டும் அறுக்க. ஸ்கேல் கட்டாயம் ஸ்டீல். பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிளேடு சீவிக்கொண்டு போகும், சில நேரம் விரலையும்.

விளிம்பைச் சீவி மெலிதாக்கத் தனிக் கத்தி வேண்டியிருக்கும். அதற்குக் கடையில் விலை கொடுக்க வேண்டியதில்லை. லேத் பட்டறையில் தேய்ந்துபோன பவர் ஹாக்ஸா பிளேடு கிடைக்கும். அதில் ஒரு முழம் வாங்கி, ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்துச் சாணை பிடிக்கச் சொல்லுங்கள். மறுபக்கம் தட்டையாகவே இருக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் தோலின் மேல் படுத்துப் போகும். பல் இருக்கும் விளிம்பை ராவிவிட்டுக் கைப்பிடிக்குத் தோலோ துணியோ சுற்றிக்கொள்ளலாம். சாணைக்காரர் கொடுக்கும் கூர் காய்கறிக்குப் போதும், தோலுக்குப் போதாது. கண்ணாடித் துண்டின் மேல் 1000, பிறகு 2000 வாட்டர் பேப்பரை ஈரத்தோடு ஒட்டிவைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியாக ஒரு மரச்சட்டத்தில் தோல் துண்டை ஒட்டி, பாத்திர பாலிஷ் பட்டறையில் கிடைக்கும் பச்சைப் பாலிஷ் கட்டியைப் பூசி, கத்தியைப் பின்பக்கமாக இருபது முப்பது இழுப்பு இழுங்கள். கூர் சரியா என்று கையில் உள்ள முடியைச் சிரைத்துப் பார்க்க வேண்டாம். தோலின் ஒரு மூலையைச் சீவிப் பாருங்கள், சுருளாக வந்தால் சரி, தூளாக வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

இனி ஊரிலேயே முடிகிற சாமான்கள். தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் கூடாது. சிசலின் தலை பூவாக விரியும், சில்லுத் தெறித்துக் கண்ணிலும் படலாம். ஆசாரியிடம் சின்னக் கொட்டாப்புளி ஒன்று கேளுங்கள். புளிய மரத்தில் 7 செ.மீ. விட்டம், 12 செ.மீ. நீளம் தலை வைத்தால் 400 கிராம் பக்கம் வரும், அதுதான் அளவு. எடை குறைந்தால் நாலு அடி அடிக்க வேண்டியிருக்கும், நாலு அடியில் சிசல் நகரும். கனமான கொட்டாப்புளியால் ஒன்றிரண்டு அடியில் முடிப்பதே சுத்தமான துளை.

அடியில் வைக்கக் கல் வேண்டும். சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்கும் கடையில் ஓரத்துண்டுகள் குவிந்து கிடக்கும். ஓர் அடிக்கு முக்கால் அடி, 18 மி.மீ. கனம் போதும். கல்லுக்குக் கீழே நான்காக மடித்த சாக்கு, மேலே சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. சாக்கு சத்தத்தை விழுங்கும், பலகை சிசல் முனையைக் காக்கும். செட்டிநாட்டு வீட்டில் ஒன்றை மறக்கக்கூடாது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எதையும் வைத்து நேரடியாகத் தட்டாதீர்கள். கண்ணாடியில் வார்த்து எடுத்த சிமெண்ட் கல் அது, மேல்பூச்சில் ஒருமுறை விரிசல் விழுந்தால் போனதுதான். அதே வீட்டில் வளவின் நடுவே மேலிருந்து விழும் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு கிடையாது. நிழல் விழாத இடம் பார்த்து அங்கே உட்கார்ந்து தைக்கலாம்.

தைக்கும்போது தோலைப் பிடிக்க ஒரு கவ்வை வேண்டும். கடையில் விற்பது பெரும்பாலும் லேசான மரம், ஒரு பக்கம் இழுத்தால் சாய்ந்துவிடும். பழைய வீடு பிரித்த மரம் விற்கும் இடங்களில் பர்மா தேக்குத் துண்டு கிடைக்கும், சட்டத்தின் வெட்டுத்துண்டே போதும். இதற்காகத் தூணை அறுக்கச் சொல்ல வேண்டாம். 45 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 12 முதல் 15 மி.மீ. கனத்தில் இரண்டு பலகை. அடியில் இரண்டுக்கும் நடுவே 2.5 செ.மீ. கட்டையை வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். மேல்முனையின் உள்பக்கம் தோலை ஒட்ட வேண்டும், வெளிப்பக்கத்தைச் சரிவாக இழைக்க வேண்டும், இல்லையென்றால் ஊசியைத் தள்ளும்போது விரல் மரத்தில் இடிக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் துளை போட்டு 8 மி.மீ. போல்ட், 10 செ.மீ. நீளம், பட்டாம்பூச்சி நட்டு. உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டால் இரண்டு கையும் காலி. போல்ட் துளையைக் கொஞ்சம் பெரிதாக, 10 மி.மீ. வைத்தால் பலகை சாயும்போது போல்ட் திணறாது.

கோடு போட ஜாமெட்ரி பாக்ஸ் டிவைடரே போதும். ஒரு முனையைத் தோலின் விளிம்புக்கு வெளியே உரசவிட்டு மறுமுனையால் இழுக்க வேண்டும். திருகு தளர்ந்த டிவைடர் பாதி வழியில் அகலும், அதனால் இடைவெளியை வைத்ததும் திருகின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். தோலை அழுத்திப் பிடிக்க இரும்பு எடைக்கல் நல்ல சாமான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் அது கிடைக்கும், ஆனால் அங்கே அலங்காரப் பொருளின் விலை. பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். எங்கே வாங்கினாலும் அடியில் தாளோ துணியோ ஒட்டாமல் தோலின் மேல் வைக்கக்கூடாது. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால், பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்புக் கறை பிடிக்கும், அது போகாது. இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீரில் தோலை நனைத்தாலும் புள்ளி புள்ளியாகக் கறுப்பதற்குக் காரணம் இதுதான். நனைக்கக் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

தோலுக்கு வருவோம். பட்டையில் பதனிட்ட தோல், குரோம் ரசாயனத்தில் பதனிட்ட தோல் என்று இரண்டு வகை. தைத்துப் பழகப் பட்டைத் தோலே நல்லது, விறைப்பாக நிற்கும், விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியும். குரோம் தோல் துணி மாதிரி துவளும், விளிம்பு தேய்த்தால் பிசிறடிக்கும், பெயிண்ட்தான் பூச வேண்டும். நம் பக்கத்துக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஆவாரம்பட்டை, கொன்னைப் பட்டை, கடுக்காய் கொண்டு பதனிடும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் தமிழ்நாட்டின் பழைய தொழில், புவிசார் குறியீடும் பெற்றது. இப்போது பெரும்பாலும் வாட்டில் பட்டைச் சாறுதான் போடுகிறார்கள். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் திண்டுக்கல், அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சென்னை போகிறவர்களுக்குப் பெரியமேடு. முழுத்தோல் சதுர அடிக் கணக்கு, வெட்டுத்துண்டு கிலோக் கணக்கு. தொடங்குகிறவருக்குத் துண்டுதான் லாபம். ஆனால் மூட்டையோடு வாங்காமல், கை விட்டுத் துழாவி ஒரே கனத்தில் பொறுக்க விடும் கடையில் வாங்குங்கள். பர்ஸுக்கு 1.2 முதல் 1.5 மி.மீ., பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மி.மீ.

எது எந்தத் தோல் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச்சாம்பல் கோடு ஓடினால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டை. சாயம் போடாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும். துண்டு முனையைக் கொளுத்தினால் குரோம் தோலின் சாம்பலில் பச்சை சாயும். உருகிச் சொட்டி பிளாஸ்டிக் வாடை வந்தால் அது ரெக்சின், தோலே இல்லை. வயிற்றுப் பகுதித் துண்டை இரண்டு கையால் இழுத்தால் நீண்டுகொடுக்கும், அதைப் பழக வைத்துக்கொண்டு நல்ல வேலைக்கு முதுகுப் பகுதியை எடுங்கள்.

முதல் உருப்படிக்கு கார்டு உறையைவிடப் பொருத்தமானது இல்லை. 10 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு, கனம் 1.5 மி.மீ. ஒரு சதுர அடித் துண்டில் வெட்டுச் சேதம் போக நாலு உறை வரும். வங்கி கார்டின் அகலம் 8.56 செ.மீ., உயரம் 5.4 செ.மீ. விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு போட்டால் கோட்டுக்குக் கோடு 9.2 செ.மீ., அதாவது சரியாக 23 தையல். இரண்டு பக்கத்திலும் மேல்முனையிலிருந்து 2 மி.மீ. விட்டுத் தொடங்கினால் 6.4 செ.மீ., பக்கத்துக்கு 16 தையல். மூலையில் துளை பொருந்தாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் அளவை வெட்டிவிட்டுத் தையலை எண்ணியவர்கள். தையலை எண்ணி அதற்கேற்ப அளவை வைத்தால் அந்தச் சிக்கலே வராது.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998, சின்ன டப்பா. பெரிய டப்பா வாங்கினால் நம் வெயிலுக்குப் பாதியிலேயே கெட்டியாகிவிடும். இரண்டு துண்டிலும் விளிம்பு ஓரம் 5 மி.மீ. அகலத்துக்கு மெலிதாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் சேர்க்க வேண்டும். ஈரத்தில் சேர்த்தால் பிடிக்காது, தைக்கும்போது வழுக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், டப்பா பக்கத்தில் நெருப்பு கூடாது. நூல் நுனியை உருக்க லைட்டர் எடுப்பதற்கு முன் டப்பாவை மூடிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியபின் விளிம்பை ஒரு சீவுச் சீவிச் சமமாக்கி, அதன் பிறகே கோடு. சிசலை முதலில் கோடு நெடுகக் கையால் அழுத்திக் குறி மட்டும் போடுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் பல் கடைசிக் குறியில் உட்கார வேண்டும். கோடு முழுவதும் கணக்குச் சரி என்றால் அப்புறம் தட்டுங்கள்.

நூல் தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு, அதோடு ஊசிக் கோப்புக்கு ஒரு சாண். இந்த உறையின் தையல் 22 செ.மீ., ஆக ஏறக்குறைய 1.1 மீட்டர் நூல். நூலின் இரு முனையிலும் ஊசி. கோத்தபின் முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஊசியால் நூலையே இரண்டு முறை குத்தி, இழுத்து இறக்கிவிட்டால் பூட்டிக்கொள்ளும், நழுவாது. முதல் துளையில் நூலைப் பாதியாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் முதலில் இடது ஊசி, பிறகு அதே துளையில் வலது ஊசி. இந்த முறையை நடுவில் மாற்றக்கூடாது, மாற்றிய இடத்தில் தையலின் சாய்வு திரும்பிவிடும். வலது ஊசி நுழையும்போது இடது நூலைத் துளையின் ஓரமாகப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் ஊசி நூலைக் குத்தும், இழுக்க இழுக்க இறுகும், வெட்டி எடுப்பதைத் தவிர வழி இருக்காது. இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும், தோல் சுருங்கும் அளவுக்கு வேண்டாம். முடிவில் இரண்டு தையல் பின்னோக்கி வந்து, 2 மி.மீ. விட்டு வெட்டி, நுனியை உருக்கி நகத்தால் அல்ல, கத்தியின் பக்கவாட்டால் அழுத்துங்கள். சணல் நூல் என்றால் உருக்க முடியாது, பசை தொட்டு உள்ளே விட வேண்டும்.

சாலையோரம் செருப்புத் தைப்பவர் கொக்கி ஊசியால் போடுவது வேறு தையல். அங்கே ஒரு இடத்தில் நூல் அறுந்தால் தளர்ச்சி பரவும். இரண்டு ஊசித் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஆனால் குத்தூசியைப் பிடிக்கும் விதமும் தோலைச் சீவும் விதமும் அவரிடம் கேட்டுக் கற்க வேண்டியவை. சிசல் எட்டாத கனத்திலும் மூலையிலும் குத்தூசிதான் கைகொடுக்கும். அவர் எங்கே சாமான் வாங்குகிறார் என்று கேட்டால் உள்ளூர் கடையும் தெரிந்துவிடும்.

விளிம்பு மெருகுக்குக் கருவி எதுவும் வேண்டாம். உப்புத்தாள் 220, 400, பிறகு 800. விளிம்பை லேசாக நனைத்து, பழைய ஜீன்ஸ் துணியால் அழுத்தித் தேய்த்தால் சூடேறிப் பளபளக்கும். மேலே தேன்மெழுகு, மறுபடி துணி. அதிகம் நனைத்தால் விளிம்பு ஊதித் தளர்ந்து நிற்கும். தேங்காய் எண்ணெயைத் தோல் முழுக்கப் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு, பட்டைத் தோல் அதை உறிஞ்சித் தொளதொளத்துப் போகும். மிஞ்சிய தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். செய்தித்தாளும் கூடாது, மை இறங்கும். வெள்ளை வேட்டித் துணியில் உருட்டி வைத்தால் போதும்.

நாலைந்து உருப்படி தைத்தபின் இன்னும் கையில் காசு இருந்தால் அப்போது விளிம்பு சீவும் பெவெலர் ஒன்று, 1 மி.மீ. அளவு. தைத்த பர்ஸின் விளிம்பு கையில் உறுத்தினால்தான் அதன் அருமை புரியும், அதற்கு முன் வாங்கினால் தோலைப் பிய்த்துத்தான் பழகுவோம். தையல் நூல் உட்காரப் பள்ளம் எடுக்கும் பள்ளம் வெட்டி 3 மி.மீ.க்குக் குறைவான தோலுக்கு வேண்டியதே இல்லை, மேல்தோலை அறுத்துப் பலத்தைக் குறைக்கிறது. பெல்ட் செய்யத் தொடங்கும்போது துளைக்கு 4 மி.மீ. ஒற்றைப் பஞ்ச் ஒன்று. சுழலும் தலை வைத்த குறடு மலிவில் வாங்கினால் குழாயும் அடித்தகடும் நேராக உட்காராமல் துளையின் பாதி அறுந்து பாதி தொங்கும். துளைகளுக்கு இடையே 2.5 செ.மீ. விட்டு ஐந்து துளை. இடுப்பளவு நடுத்துளைக்குப் பொருந்தும்படி பெல்ட்டின் நீளத்தை வையுங்கள்.